அக்காவுக்காக அப்பா வெட்டிய கார்

பழைய பெயிண்ட் தீயும்போது எழும் கசப்பு வாசனை மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, கடைசியில் மோர்சாதத்தில்கூட ஒட்டிக்கொள்ளும். மலையாள தேசத்தில், வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா வெல்டிங் செய்த அந்த ஒரு வருஷமும் நாங்கள் அதைத்தான் சாப்பிட்டோம்.

அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. இரும்பு வேலைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் என் அக்கா லலிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கால்கள் தளர்ந்துகொண்டே வந்து, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் நடை அடியோடு நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அப்பா அவளைத் தூக்கித்தான் ஆட்டோவில் வைப்பார்; தெருவே பார்க்கும். "என்னை மூட்டை மாதிரி தூக்காதேப்பா" என்று ஒருநாள் சொன்னவள், அதன்பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் வர மறுத்துவிட்டாள்.

அப்போதுதான் அப்பா யாரோ வேண்டாமென்று விட்ட ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்கதவை அகலமாக வெட்டி, இருக்கை வெளியே சுழன்று வரும்படி செய்துவிட்டால், அக்கா சக்கர நாற்காலியிலிருந்து தானே அதற்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கரமனையில் 'ஒர்க்‌ஷாப்' வைத்திருந்த சசி அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வெல்டிங் கற்றுக்கொண்டார்.

கற்று என்ன? அந்தக் காரைக் கடல்காற்று அடியிலிருந்தே தின்றிருந்தது. ஓர் ஓட்டையை அடைக்கத் தகடு வைத்து வெல்டிங் 'ராடா'ல் தொட்டால், பக்கத்து இரும்பு காகிதம்போலக் கருகி இன்னோர் ஓட்டை விழும். "சாரே, ஒட்டணும்னா இரும்பு வேண்டே?" என்றார் சசி அண்ணன், பிடித்துக்கொள்ள இரும்பே மிச்சமில்லையே என்று. அப்பா முகமூடியை இறக்கிக்கொண்டார்.

இருக்கை மட்டும் நன்றாக அமைந்தது. ஒரு சாயங்காலம் அக்கா, யார் கையும் படாமல், நகர்ந்து அதில் உட்கார்ந்து, உள்ளே திரும்பி, கதவைத் தானே சாத்தினாள். அம்மா அழுதுவிட்டாள். "விழிஞ்ஞத்துக்குப் போலாம்ப்பா, கடல் பாக்கணும்" என்றாள் அக்கா. அம்மாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். தெருமுனை திரும்புவதற்குள் அடியில் ஏதோ முறிந்து, அக்கா இருந்த பக்கம் தரையோடு தாழ்ந்து, கதவு இறுகிக்கொண்டது. அக்கம்பக்கத்தார் கம்பி விட்டு நெம்பித்தான் திறந்தார்கள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு தெரு நெடுக நடந்தார். இரண்டு பக்கமும் வாசலில் ஆட்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அப்பா மறுபடியும் கருவிகளை எடுத்தபோது, வீட்டுக்குள் கிடந்தபடியே அக்கா, "மதி" என்றாள். வீட்டில் எங்களோடு தமிழ் மட்டுமே பேசுகிறவள், 'போதும்' என்பதை மட்டும், வெளியாளிடம் சொல்வதுபோல மலையாளத்தில் சொன்னாள்.

கார் துண்டு துண்டாக 'ஆக்ரி'க் கடைக்கு, பழைய இரும்போடு இரும்பாகப் போனது. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த அக்கா, நான் காலேஜில் சேர்ந்த வருஷம் இறந்துபோனாள். இன்று அந்த வீடும் இல்லை. அந்த மனையில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். என்னோடு ஃபிளாட்டில் இருக்கும் அப்பா அவள் பேரை எடுப்பதில்லை. அவளுடைய படங்கள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. எல்லாமே வீட்டுக்குள் எடுத்தவை.