முதல் மீன் அந்தோனியாருக்கு

போன வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் பிலோமினாவின் கார் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வாசலில் வந்து நின்றது. நான் ஆறு மணிக்கே சப்பாத்து மாட்டிவிட்டு இருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் நான். இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கதை வேறு பக்கம் போனால் பேனையால் மேசையில் தட்டுகிறாள்.

பிலோமினாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது இளையவள், சட்டனில் இருந்தவள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கோவிலில் பழகினோம். அன்று தொடங்கி வெள்ளிக்கிழமைகளில் மீன் குழம்பு, ஒரு கிழமை அவள் வீட்டில், மறு கிழமை என் வீட்டில். அடுத்த திங்கட்கிழமை அவள் டொரொண்டோவுக்கு, மகனோடு இருக்கப் போவதாக இருந்தாள், ஒரேயடியாக. அதனால் அது எங்கள் கடைசி வெள்ளி. "கடை மீன் வேண்டாம் அக்கா, நாங்களே பிடிச்சுச் சமைப்பம்" என்று அவள்தான் சொன்னாள். ஹவுன்ஸ்லோவில் இருந்த காலத்தில், கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரியிடம் இந்த ஈத்தூண்டில் பிடிக்கப் பழகியவள் அவள். நான் புளியைக் கரைத்துப் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

இருபத்தைந்து மைல். பிலோமினா மாட்டு வண்டி ஓட்டுவதுபோல் ஓட்டுவாள். எட்டு நாற்பதுக்குச் சரேயில் உள்ள அந்தக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அலையே இல்லாத தண்ணீர். எங்கள் பேசாலைக் கடல் ஒரு நிமிடம் வாய் மூடாது. இதுவோ பூசை தொடங்கும் முன் எழும்பி நிற்கும் சனம்போல் நின்றது.

வாசல் கொட்டிலில் இருந்த தாடிக்காரர் ஒரு தூண்டிலுக்கு நாற்பது பவுண் வாங்கினார். மாறி மாறிப் பிடிக்கலாம், இரண்டு ட்ரவுட் மீன் வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றார். பிலோமினா ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள். இறகும் நூலும் சுற்றிய கொக்கிகள், ஈயைப்போலவே.

"இரை எங்கை பிலோ?"

"இதுதான் இரை."

"இதைத் தின்னுமோ?"

"தின்னாது. ஈ எண்டு நினைச்சுக் கவ்வும்."

"அப்ப ஒண்டும் குடுக்காமல் பேய்க்காட்டுறம்."

"ஓம். அதுக்குத்தான் நாற்பது பவுண்."

நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, ஈயைத் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். நான் முதலில் வீசியபோது அது பிலோமினாவின் கம்பளித் தொப்பியைக் கவ்விக்கொண்டு போனது. "தொப்பியைத் துண்டு துண்டாய் வெட்டிக் குழம்பு வையுங்கோ" என்றாள்.

இரண்டாவது வீச்சுக்கு முன் என் கை தானாகச் சிலுவை போட்டது. வாயும் தானாகச் சொன்னது: "அந்தோனியாரே, முதல் மீன் உமக்கு."

பேசாலையில் புது வலை, புதுத் தூண்டில் எதுவானாலும் முதல் மீன் கோவிலுக்கு. என் ஐயா இதைச் சொல்லாமல் கடலில் கை வைத்ததில்லை. ஒரே ஒரு மீன் பட்ட நாளில் எங்களுக்குச் சோறும் சம்பலும்தான். நான் தூண்டில் தொட்டு ஐம்பது வருடம். வாய் மறக்கவில்லை.

"அக்கா, இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"பழக்கதோஷம்."

"ரெண்டு மீன்தான் கொண்டுபோக விடுவாங்கள். ஒண்டு போச்சு."

"மற்றது எங்களுக்குக் காணும்."

மதியம் வரைக்கும் ஒன்றும் இல்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டோம். ஒன்று இருபதுக்கு என் கையில் நூல் விறைத்தது. அந்தத் துடிப்பு முழங்கை வரைக்கும் ஏற, நான் பன்னிரண்டு வயதுப் பெட்டையாகிவிட்டேன். பிலோமினா முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையால் அள்ளினாள். விலாவில் ரோசாக் கோடு, இரண்டு றாத்தல் இருக்கும். கட்டிப்பிடித்துச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நாலரை வரை வீசினோம். மீன்கள் தூரத்தில் துள்ளிக் காட்டின. ஒன்றும் படவில்லை.

சட்டனைத் தாண்டினோம். மீன் ஐஸ் பையில் என் மடியில் கிடந்தது.

"அக்கா, அந்தோனியார் ட்ரவுட் தின்னுவாரோ?"

"பகிடி விடாதை."

"திங்கட்கிழமை நான் போறன்."

"தெரியும். நான் என்னடி செய்ய, வாய் சொல்லிப்போட்டுது."

எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. "நேர்ந்ததை மாத்தேலாது" என்று, நேரே கோவிலுக்கு விட்டாள். அவளும் பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவள்தானே.

அங்கே பூசை வைக்கும் வெள்ளைக்காரச் சுவாமி பையைத் திறந்து பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. தனக்கு முட்டை மட்டும்தான் அவிக்கத் தெரியும், இங்கேயே சமைத்துத் தன்னோடு சாப்பிடச் சொன்னார். சமைக்கிறோம், ஆனால் நேர்ந்தவர்கள் தின்னக்கூடாது என்று பிலோமினா ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். வீட்டுக்குப் போய்ப் புளிப் போத்தலையும் தூளையும் எடுத்து வந்தோம். அவள் மீன் வெட்டினாள், நான் குழம்பு கூட்டினேன்.

குழம்பு கொதித்ததும் பிலோமினா கரண்டியால் கொஞ்சம் தன் உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்."

"மீனைத்தானே நேர்ந்தனீங்கள். குழம்பை நேரேல்லையே."

யோசித்தேன். உப்புப் பார்ப்பது சாப்பாட்டில் சேராது. கையை நீட்டினேன்.

"உப்புக் காணுமோ?"

"விளங்கேல்லை. இன்னொருக்கால் விடு."

அடுப்படியில் நின்றபடியே ஏழெட்டுத் தரம் உப்புப் பார்த்தோம். சுவாமிக்கு மீன் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. குழம்புதான் கொஞ்சம் வற்றிவிட்டது.

இன்று வெள்ளி. அவள் போய் நாலு நாள். கடை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். உப்புச் சரியா பிழையா என்று எனக்குத் தனியே சொல்லத் தெரியவில்லை.