தொட்டிக்குக் கீழே ஒரு வீடு

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது. வயிற்றுக்குச் சோறு இல்லாவிட்டாலும் வீம்புக்குக் குறைச்சலில்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக் கக்கூஸ் தண்ணீரெல்லாம் சரிவில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குப் போகும். கசடு அதில் தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் மட்டும் கல் பரப்பிய படுக்கையில் ஊறிக் கீழே ஓடையில் சேரும். அதைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவர் என்னை 'அண்ணே' என்பார். நான் அவரை 'வாடா, போடா' என்பேன். சாதி அப்படி. கப்பலேறி வந்தபோது அதையும் மூட்டை கட்டிக்கொண்டுதானே வந்தோம்! அவருக்கு லயத்தில் வீடு கிடையாது. தொட்டிக்கும் கீழே, ஓடைக்கரையில் ஒரு குடிசை. மனைவி, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. எங்களுக்கு மேலே கிணறு இருந்தது. அவர்களுக்குக் குடிக்க அந்த ஓடைதான்.

சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் லாரியில் ஏற்றினார்கள். ஏறுமுன் என்னிடம் ஓடி வந்தார். பால்வெட்டு நின்றுபோய், நான் தொட்டிக்குப் பக்கத்தில்தான் மரவள்ளி போட்டிருந்தேன்.

"அண்ணே, வாரம் ஒரு தடவ கசட அள்ளிப் பொதச்சிட்டு, கல்லக் கிளறி வுட்டுருங்க. இல்லாட்டி அப்படியே ஓடையில எறங்கிடும். கீழ எம்புள்ள இருக்குண்ணே."

பார்த்துக்கொள்கிறேன், போடா என்றேன். சத்தியமாகச் செய்யத்தான் நினைத்தேன்.

முதல் வாரம் சங்கோலை, அதுதான் மண்வெட்டியை, தோளில் போட்டுக்கொண்டு தொட்டிவரை போனேன். பாதையில் எங்கள் லயத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். சட்டென்று சங்கோலைப் புதரில் போட்டுவிட்டு, கீரை பறிப்பதுபோல் குனிந்துகொண்டேன். இந்த வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் என் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், எனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஓடியது புத்தி. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் காய்ச்சல். சாக்குக்கா பஞ்சம்?

ஒருநாள் அவர் மனைவி வந்து, என் வாசல்படிக்கு எட்டவே நின்றார்.

"அண்ணே, தண்ணி ஒரு மாதிரி நாறுது. கொஞ்சம் பாருங்கண்ணே."

நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். எங்கள் கிணற்றில் ஒரு குடம் இறைத்துத் தரக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே குழந்தைக்குச் சீதபேதி. மருந்து எங்கே இருந்தது அப்போது? மூன்றே நாளில் போய்விட்டது. துணிக்கும் பஞ்சம், கோணிச் சாக்கில் சுற்றிப் புதைத்தார்கள்.

அன்று மத்தியானம், பட்டப்பகலில், தொட்டியில் இறங்கினேன். லயமே பார்த்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருந்த பசியில் என்னை ஒதுக்கிவைக்க யாருக்குத் தெம்பு இருந்தது? இதற்கா பயந்தேன் என்று கசட்டில் நின்றபடியே அழுதேன். அதன்பிறகு ஒரு வாரம்கூட விட்டதில்லை.

சண்டை முடிந்து அவர் திரும்பி வந்தார், எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு. வீட்டுக்குப் போக, தொட்டியைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் கல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். நின்றார். தெளிந்து ஓடும் தண்ணீரைப் பார்த்தார். கண்கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்கண்ணே. பாப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியுமாண்ணே?"

அவர் நொண்டிக்கொண்டே சரிவில் இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன்.

மனைவி அவரிடம் என்ன சொன்னாரோ, தெரியாது. மறுநாள் வந்து சங்கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என்னை ஏசவில்லை. அதன்பிறகு 'அண்ணே' என்று கூப்பிடவும் இல்லை.

அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் இத்தனை வருஷத்தில் எப்போதோ ஆறியிருக்கும். அந்தக் கும்பிடுதான் இன்னும் ஆறவில்லை.