அக்காவும் அச்சகத்துப் பாலும்

அக்காவின் முதலாமாண்டு ஆட்டைத் திவசத்துக்கு வந்து, உண்டு, "நினைவு மலர் எங்கே?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய உறவுகளும் நண்பர்களும் முதலில் எங்களைப் பொறுத்தருள வேண்டும். மலர் பிந்தியதற்குக் காரணம் நானல்ல, அக்காதான். காலமாகி ஓராண்டானவர் மேல் பழி போடுகிறேன் என்று கோபிக்காதீர்கள். கடைசிவரை வாசித்தால் விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த அக்கா, போர்க்காலத்தில் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் ஒற்றை அறையில் எங்களைக் குடிவைத்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தார். என்னைப் படிப்பித்து ஆளாக்கியவரும் அவரே. கலியாணப் பேச்செடுத்தவர்களிடம், "தம்பி ஒருத்தனே போதும், இன்னொரு தலையிடி எனக்கு வேண்டாம்" என்பார். அதையும் என் முன்னாலேயே சொல்வார்.

அச்சகத்தில் உண்மையான தலையிடி இருந்தது. உருளைகளில் ஒட்டிய மையைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைப்பார்கள். கடதாசி பறக்கும் என்று ஜன்னல்கள் எப்போதும் பூட்டியே கிடக்கும். பின்னேரமானால் ஆளாளுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். மிஷின் ஓட்டும் செல்வம் ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டார். முதலாளி நல்ல மனிதர். எல்லோருக்கும் தினமும் ஒரு கிளாஸ் பால் கொடுத்தார். பால் நஞ்சை முறிக்கும் என்பது அங்கே எல்லோருடைய அசையாத நம்பிக்கை.

"முதலாளி, பால் போறது வயித்துக்கு. பெற்றோல் மணம் போறது நெஞ்சுக்கு. ரெண்டும் எங்க சந்திக்கிறது?" என்று அக்கா கேட்டார். "காத்தை வெளியில இழுக்கிற ஃபேன் ஒண்டு பூட்டித் தாங்கோ."

"என்ர அப்பாவும் பால் குடுத்துத்தான் பிரஸ் நடத்தினவர், பிள்ளை" என்று முதலாளி கதையை முடித்துவிட்டார்.

அந்த ஆண்டு ஆயுத பூசை வந்தது. வழக்கம்போல மிஷின்களைப் பெற்றோலால் பளபளவென்று துடைத்துச் சந்தனம் வைத்தார்கள். கற்பூரமும் விளக்கும் உள்ளே வரக்கூடாது என்று அக்கா வாசலை மறித்து நின்றார். ஐயருக்குச் சரியான கோபம்.

"அம்மன் விறாந்தையில நிண்டும் பார்ப்பா, ஐயா. உள்ள பத்திச்செண்டா எல்லாருமா அவவிட்டையே போயிடுவம்."

ஐயர் வெளி விறாந்தையில் நின்று மந்திரம் சொல்ல, முதலாளி குடும்பத்தோடு உள்ளே மிஷின் முன்னால் சப்பாணி கட்டி அமர்ந்தார். கோபத்தில் ஐயர் ஒரு மந்திரத்தையும் விடவில்லை. பூசை நீண்டது. எழும்பிய முதலாளி தள்ளாடிச் செல்வத்தின் மேல் சாய்ந்தார். செல்வம் உண்மையான அக்கறையோடு ஓடிப்போய் ஒரு கிளாஸ் பால் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளியும் குடித்தார். குடித்த வேகத்தில் பால் திரும்பி வந்தது. அக்கா ஜன்னல்களைத் திறந்துவிட்ட பிறகுதான் அவருக்குத் தலை தெளிந்தது.

அடுத்த கிழமை ஃபேன் வந்தது. ஃபேன் ஓடாவிட்டால் மிஷின் ஓடாது என்ற சட்டத்தை அக்கா போட்டார்.

"வேணுமெண்டு செய்தனீங்களோ, அக்கா?" என்று நான் வீட்டில் கேட்டேன்.

"மிஷினைத் துடைச்சுப்போட்டுத்தானே பூசை வைக்கிறது" என்றார், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், எங்களிடம் ஏதாவது சொல்வார் என்று கட்டிலைச் சுற்றி நின்றோம். அக்கா கண் விழித்தார். எங்களைப் பார்க்கவில்லை, காரமான மருந்து ஊற்றி நிலம் துடைத்துக்கொண்டிருந்த ஊழியரைப் பார்த்து, "மல்லி, கிளவுஸ் கோ?" என்று, தம்பி, கையுறை எங்கே எனச் சிங்களத்தில் விசாரித்தார். பிறகு அவர் பேசவில்லை. எங்களுக்கு ஒரு சொல்லும் மிச்சம் வைக்கவில்லையே என்று எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், கையுறை போட்டுக்கொண்டு வந்து காட்டிய அந்த ஊழியர், சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

இம்மலரை அதே அச்சகத்தில்தான் அச்சிடக் கொடுத்திருந்தேன். திவசத்துக்கு முதல் நாள் போனால் ஃபேன் பழுது, மிஷின் நிற்கிறது. "ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டுங்கோவன்" என்று செல்வத்திடம் கெஞ்சினேன். பிறகு கத்தினேன்.

"செல்வம், இது அக்காவின்ர மலர்!"

"ஓம் ஐயா, அக்காவின்ர மலர்தான். அதாலதான் ஓட்டேல்லை" என்றார் அவர்.

அந்த இடத்திலேயே நின்று அழுதேன். செல்வத்துக்கும் அவருடன் வேலை செய்யும் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.