ரஷீதியாவுக்கு இரண்டு டிக்கெட்

சோலைமுத்து துபாயில் கால் வைத்தது எழுபத்தேழாம் வருசம். ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒற்றை ஆண்பிள்ளை. இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நடு அக்கா நாகவள்ளி. அவளைக் கட்டியவன் தாய்மாமன் மகன் அம்மையப்பன். மசக்கைக்காரியாக அவளை விட்டுவிட்டு ஆறு மாசம் முன்னாலேயே துபாய்க்கு வந்துவிட்டான்.

தம்பி புறப்படுகிற அன்று அக்கா வயிற்றுப் பிள்ளையோடு வந்து எள்ளுருண்டை டப்பா ஒன்றைக் கொடுத்தாள்.

"யார்ட்டயும் குடுத்து விட்றாத. நீயே ஒங்க மச்சான் கையில குடுக்கணும், ஆமா."

மச்சானின் விலாசம் பெட்டி எண் 1164. சோலைமுத்து அதைக் கதவு இலக்கம் என்று நினைத்துக்கொண்டான். முதல் வெள்ளிக்கிழமை டப்பாவும் கையுமாக ஆட்களைக் கேட்டுக் கேட்டுப் போனால், போய்ச் சேர்ந்த இடம் தபாலாபீஸ். சுவர் நெடுகப் பூட்டுப் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள். கம்பெனிக்கு ஒரு பெட்டியாம். 1164-க்குள் அந்த டப்பாகூட நுழையாது. மச்சான் எங்கே கிடக்கிறாரோ!

அறைக்குத் திரும்பி அதே விலாசத்துக்குக் கடிதம் போட்டான். பதில் இல்லை. பிறகு வெள்ளி தவறாமல் தேடினான். தப்பான பஸ்ஸில் ஏறினான், தப்பான இடத்தில் இறங்கினான், அப்ராப் படகில் அக்கரைக்குப் போய்க் கேம்ப் கேம்பாக விசாரித்தான். அப்படித்தான் அவனுக்கு ஊர் பழகியது.

"மச்சானைத் தேடப் போயி துபாயையே மனப்பாடம் பண்ணிட்டியே தம்பி. டிரைவர் லீவு போட்டா உன்னையத்தான் கூப்பிடுவான்" என்பார் அறையில் கூட இருந்த கீழக்கரை கௌஸ் முகைதீன்.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை தந்தி வந்தது. கௌஸ் முகைதீன்தான் படித்துச் சொன்னார். நாகவள்ளி பிரசவத்தில் போய்விட்டாள். பெண்குழந்தை சுகம்.

மறுநாள் சோலைமுத்து தேடப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அன்றைக்குப் பார்த்துக் கதவைத் தட்டினான் அம்மையப்பன். கையில் இவன் போட்ட கடிதம். முகமெல்லாம் பல்.

"ஜெபல் அலி மணல்ல கிடக்கேன்டா மாப்ளே! ஆபீசுல கிடந்த உன் கடுதாசி நேத்துத்தான் லாரியில வந்துச்சு."

அவனுக்கும் ஊரிலிருந்து தந்தி அடித்திருப்பார்கள். அது பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும்.

கௌஸ் முகைதீன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சோலைமுத்து டப்பாவை எடுத்து மச்சான் கையில் கொடுத்தான்.

"என்னடா மூஞ்சி செத்துக் கிடக்கு? வா, ஊரைக் காட்டு. நான் மணலைத் தவிர எதையும் பாக்கல."

அப்ராவில் அக்கரைக்குப் போய் இக்கரைக்கு வந்தார்கள். அக்கா சேதியைப் படகிலேயே சொல்ல நினைத்தது நடக்கவில்லை. ரஷீதியா பஸ்ஸில் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான் சோலைமுத்து. அதற்குள்ளாவது சொல்லிவிடலாம்.

"புள்ள பொறந்திருக்கணுமேடா?"

"பொறந்திருச்சு மச்சான். பொம்பளப்புள்ள."

அம்மையப்பன் சீட்டை விட்டு எழுந்தேவிட்டான். டப்பாவைத் திறந்தான். எண்ணெய்க் காரல் அடித்தது. "மேரா பேட்டி, பாய், மேரா பேட்டி!" என்று தெரிந்த அரைகுறை இந்தியில் மகள் பிறந்த சேதியைச் சொல்லிக் கண்டக்டருக்கு ஒன்று, பக்கத்துச் சீட்டுப் பதானுக்கு ஒன்று, பஸ் முழுக்கக் கொடுத்தான். எல்லாரும் சிரித்துக் கை குலுக்கினார்கள். கடைசி உருண்டையைத் தனக்கென்று கையில் வைத்துக்கொண்டான்.

பஸ் நின்றது. அதற்கப்புறம் மணல்தான்.

"கலாஸ், யல்லா" என்று கண்டக்டர் எல்லாரையும் இறக்கினான்.

சோலைமுத்து சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்தான்.

"புள்ள பொறந்த தந்தியா? எனக்கெங்க இங்கிலீசு தெரியும். வள்ளியப் பத்தி என்ன போட்டிருக்கு?"

"அக்கா இல்ல மச்சான்."

அம்மையப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த உருண்டையைத் தின்னவுமில்லை, கீழே போடவுமில்லை. வந்த பஸ் திரும்பிப் போயிற்று. அடுத்ததும் வந்து திரும்பிப் போயிற்று.