ரிசீவரை வைக்காத ஊர்

என் பஞ்சிக்கு, அதாவது சோம்பலுக்கு, நான் வைத்த மரியாதையான பெயர் தானியங்கிப் பரிசோதனை. வவுனியாவில் தொலைபேசி நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே அழைப்புகளை இணைக்கிற மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஊரில் நூறு இணைப்புகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் கையால் அழைத்துப் பார்க்க வேண்டும். மணி அடிக்கிறதா, குரல் கேட்கிறதா, மறுமுனை ரிசீவரை வைத்ததும் லைன் விடுபடுகிறதா. மூன்று நாள் வேலை. "கேக்குதோ, கேக்குதோ" என்று கத்தி முடிய எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

அதனால் பழைய கொம்பியூட்டர் ஒன்றில் மோடத்தைப் பூட்டி ஒரு புரோகிராம் எழுதினேன். அதுவே அழைக்கும், என் குரலில் பதிந்து வைத்ததைச் சொல்லும், மறுமுனை வைத்ததும் 'சரி' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு நிமிடத்துக்குள் வைக்காவிட்டால் 'பிழை'. பத்துப் பிழை சேர்ந்தால் தானாகவே நின்று, புதிய மென்பொருள் தோல்வி என்று ஒரு தாளை அச்சடித்துத் தள்ளும். அந்தக் கடைசிப் பகுதியை எழுதியபோது என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து மேலதிகாரி சேர் ஒருவர் புதிய மென்பொருளோடு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் வவுனியாவில் நின்றார். ஒட்டுசுட்டானிலிருந்து, மூன்று நாள் மட்டும் நிற்க ஆமி கொடுத்த பாஸில் வந்தவர். மறுநாள் காலை திரும்பிவிட வேண்டும். போரால் அவர் இருந்த பக்கம் தொலைபேசி என்ற பேச்சே இல்லை. சுவிஸில் இருந்த அண்ணாவின் குரலை அவர் கேட்டு மூன்று வருடம். அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு, சந்தியில், காசு கொடுத்துத் தொலைபேசியில் கதைக்கிற கொமினிகேசன் கடைக்கு அண்ணா எடுப்பதாக ஏற்பாடு. ஆனால் பரிசோதனைத் தாளில் சேர் கையெழுத்து வைக்கும்வரை வெளிநாட்டு லைன் திறக்காது. பரிசோதனை தோற்றால் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்கு விடிந்துவிடும்.

"உன்ர மிசின் அஞ்சு மணிக்குள்ளை முடிக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு மணிக்குத் தொடங்கினால் மூண்டுக்கு முடிஞ்சிடும்."

"உன்னைப் போலை பஞ்சி பிடிச்சதில்லையே?"

ஒரு மணிக்குத் தொடங்கினோம். கால் மணித்தியாலம் போவதற்குள் பிறிண்டர் கீச்சிட்டது. பதினொரு அழைப்பில் பத்துப் பிழை. தோல்வி.

சேர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழைய மென்பொருள் இருந்த பெட்டியைத் திறக்கப் போனார். "கொஞ்சம் பொறுங்கோ சேர்" என்று சொல்லிவிட்டு, ஒரு எண்ணுக்கு இயந்திரத்தை மறுபடி அழைக்க விட்டு, இருவரும் ஒட்டுக் கேட்டோம்.

"இது ஒரு சோதனை அழைப்பு. தயவுசெய்து ரிசீவரை வையுங்கோ" என்றது என் குரல்.

"ஆர் கதைக்கிறது?" என்றார் ஒரு பெண். இயந்திரத்துக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. "ஹலோ, லைன் இழுக்குது போலை. நில்லுங்கோ, இவரிட்டைக் குடுக்கிறன்." அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் இரண்டு தரம் ஹலோ சொல்லிவிட்டு மூத்த மகளிடம் கொடுத்தார். பின்னாலிருந்து அவரே சொல்வது தெளிவாகக் கேட்டது: "வைக்கத்தான் சொல்லுவாங்கள். வைச்சால் பெடியன்ர லைன் போயிடும். நீ வையாதை."

"ஏன் இவங்க வைக்கிறாங்க இல்ல?" என்றார் சேர்.

கொழும்புக்காரருக்கு இதை எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் பிள்ளை வெளிநாட்டிலிருந்து எடுத்தால், முதல் அரை நிமிடம் வெறும் இரைச்சலும் மௌனமும்தான் வரும். அதை நம்பி வைத்தவர்கள் பிறகு மாதக்கணக்கில் அழுதிருக்கிறார்கள். ஆகவே ஒன்றும் கேட்காத ரிசீவரைத்தான் இங்கே இறுக்கிப் பிடிப்பார்கள். மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. வைக்கச் சொன்னால் வைப்பார்கள் என்று நம்பிப் புரோகிராம் எழுதியவனில்தான் குறை. நானும் அதே ஊர்க்காரன் என்பது இன்னும் வெட்கம்.

"இன்னொருக்கா ஓட விடுங்கோ சேர். குரலை மட்டும் கொஞ்சம் மாத்திறன்" என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் புதிதாகப் பதிந்தேன்: "உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கோல் வரப்போகுது. உடனை ரிசீவரை வைச்சு லைனை விடுங்கோ."

அதன் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே. சரி, சரி, சரி. சிலர் நான் சொல்லி முடிக்கவே விடவில்லை. பாதியிலேயே படக்கென்று வைத்தார்கள். நூறில் மூன்றுதான் பிழை. அவையும் ஆளில்லாத வீடுகள். நாலரைக்குச் சேர் கையெழுத்து வைத்தார். "நல்லா வேலை செய்யுதே. என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். உச்சரிப்பு என்றேன்.

அந்த வீடுகளில் பாதிப் பேர் படியிறங்காமல் இருக்கிறார்கள் என்று கடைக்குப் போகும் வழியிலேயே கேள்விப்பட்டேன். ஒரு வீட்டில் பெரியம்மா சித்தி எல்லோரையும் கூப்பிட்டுத் தொலைபேசியைச் சுற்றி இருத்தி, பலகாரமும் கொடுத்தார்களாம். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஐந்து மணிக்கு அண்ணா எடுத்தான். அம்மா சாப்பாட்டைக் கேட்டார், குளிரைக் கேட்டார், வேறொன்றும் கேட்கத் தோன்றாமல் மறுபடி சாப்பாட்டைக் கேட்டார். நாலு நிமிடத்தில் அவன் பக்கம் அழைப்பு முடிந்துவிட்டது. அம்மா ரிசீவரை வைக்கவில்லை.

"அவன் வைச்சிட்டான் அம்மா."

"உனக்கென்ன தெரியும்? இரு."

கடைக்காரர் கணக்குக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றது அங்கேதான்.

புதன்கிழமை ஒரு அம்மா நிலையத்துக்கு வந்தார். நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஊருக்குள் இருந்தவர். மகன் வெளிநாடு போகப் புறப்பட்ட பிறகு, பிரான்சில் என்றார்கள், வழியில் என்றார்கள், இரண்டு வருடமாக ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை கோல் வருகுதெண்டு சொன்னவை. இண்டைக்கு மூண்டு நாளாச்சு. குளிக்கவும் பயமாக் கிடக்கு. எந்த நாட்டிலையிருந்து எண்டாவது பாத்துச் சொல்லனப்பு."

நான் வாயைத் திறக்க முதல் அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீதானே சொன்னனீ? உன்ர குரல்தான்."

மறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோல் இல்லை, அது சோதனை, உங்களை வைக்கப்பண்ணச் சொன்ன பொய், என்ர அம்மாவுக்காகச் செய்தது. சொல்லச் சொல்ல எனக்கே என்னில் அருவருப்பாக இருந்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"உன்ர அம்மாவுக்குக் கோல் வந்ததோ?"

"ஓம் அம்மா."

"சரி." வாசல்வரை போய்த் திரும்பினார். "இனியும் சோதிப்பியள்தானே? என்ர நம்பரை விட்டுடாதை. ஒருநாளைக்கெண்டாலும் மணி அடிக்கட்டும்."

அதற்குப் பிறகு மென்பொருள் எத்தனை தடவை மாறியது என்று எனக்கு நினைவில்லை. தொண்ணூற்றொன்பது வீட்டுக்கும் இயந்திரம் அழைக்கும். அவருடைய எண்ணுக்கு மட்டும் நான் கையால் எடுப்பேன். கேக்குதோ என்பேன். ஓம் என்பார். சாப்பிட்டியோ என்பார். அந்த லைன் விடுபடுகிறதா என்று மட்டும் கடைசிவரை சோதிக்க முடியவில்லை. அவர் வைக்கவே மாட்டார். ஒவ்வொரு முறையும் நான்தான் வைப்பேன்.