அண்ணன் குடித்ததில்லை

காலை ஆறு நாற்பது. இரவுப் பணி முடிந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து வந்த அண்ணன், பல் துலக்கிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, கீழ் இமையை இழுத்துக் காட்டினார். வெள்ளை விழி முழுக்க மஞ்சள். 2005ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் அந்த வேளையில்தான் எங்கள் குடும்பத்துக்குக் கெடுகாலம் தொடங்கியது. ஆனால் அன்று யாரும் பயப்படவில்லை. காமாலைக்கு எங்கே போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் கிராமம் அது. அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரும் அங்கே போய் வந்தவர்கள்தாம். அண்ணன் வெறும் வயிற்றோடு போனார். அங்கிருந்த பெரியவர் அவருடைய கைகளில் ஏதோ சாற்றைத் தடவி, தாம்பாளத்தில் சுண்ணாம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, முழங்கையிலிருந்து வழித்து வழித்துக் கழுவினார். தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. “பாரு நைனா, எல்லாம் எறங்கிப்போச்சு” என்றார். நாங்களும் கண்ணால் பார்த்தோம். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். உப்பில்லாத பத்தியம் முடிவதற்குள் கண்ணும் வெளுத்துவிட்டது. அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மருத்துவமனை என்ற பேச்சே எழவில்லை.

அண்ணன் பிறந்தது எளாவூருக்கு அருகே, நெல் பயிரிட்டுப் பிழைத்த வீட்டில். பிள்ளைகள் அவரும் தங்கை நானும்தாம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அம்மா வயிறு வீங்கி இறந்துபோனார். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டதாக ஊர் பேசியது. அதன்பின் அப்பா எதிலும் பற்றில்லாமல் ஒடுங்கிப்போனார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் சேர்ந்தார். உலைக்கு எதிரே நின்ற சம்பளத்தில் என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். இன்று நான் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அது அந்த வெக்கையில் வந்தது.

உலை வேலை செய்பவர்கள் பலர் மாலையில் புதுவாயல் கூட்டுச்சாலைக் கடையில் குடிப்பார்கள். அண்ணன் வாசலில் வண்டியோடு காத்திருந்து, நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வீடு சேர்ப்பார். நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் வேகத்துக்கு அவர் பயந்தார். அவரைக் கடை வாசலில் பார்த்தவர்கள் மனதில் வேறு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவருக்கு வயிறு பெருத்து, கால் வீங்கி, சென்னை அரசு மருத்துவமனையில் கல்லீரல் கெட்டுவிட்டது என்றபோது, அந்தக் கணக்கு வெளியே வந்தது. படுக்கைக்கருகில் நின்றுகொண்டே எங்கள் சித்தப்பா, “டெய்லி கடை வாசல்ல நின்னுக்கினு இருந்தா வேற இன்னா ஆவும்?” என்றார்.

அண்ணன் சிரித்தார். “உன்னத் தூக்கிக்கினு வரத்தான் சித்தப்பா நின்னேன்.”

சித்தப்பா அண்ணனின் வீங்கிய காலைப் பிடித்துவிட உட்கார்ந்தார். ஆனால் ஊர் வாயை எப்படி மூடுவது? அதற்காகத்தான் இதை அச்சில் எழுதுகிறேன். அண்ணன் தம் வாழ்நாளில் ஒரு மிடறும் குடித்ததில்லை.

அங்கே கல்லீரல் நோய்களை ஆராயும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவர் குடியைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அம்மாவின் ரத்தத்தில் இருந்த கிருமி பிரசவத்தில் பிள்ளைக்கு வந்திருக்கலாம், பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும், நடுவில் காமாலை வந்து தானாகவே இறங்கும், கடைசியில் கல்லீரலில் புற்றுக்கட்டியாகும் என்று விளக்கினார். தாம்பாளத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை. அந்தச் சாறு பட்டால் நல்ல உடம்புக்காரர் கையைக் கழுவினாலும் தண்ணீர் மஞ்சளாகத்தான் ஆகும் என்றார். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அண்ணனுக்கு வந்திருந்த கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்து ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா, அதனால் அண்ணனுக்குப் பயன் இருக்காது என்று டாக்டரம்மா மறைக்காமல் கேட்டார். “எனக்கு இனிமே ஆவறதுக்கு இன்னா கீது? எடுத்துக்கோங்கம்மா” என்றார் அண்ணன். அதற்குப் பிறகுதான் எனக்கும் என் மகளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது.

என் மகளுக்குத் திருவள்ளூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம். ரத்தத்தில் கிருமி என்று வெளியே தெரிந்தால் அவள் கதி என்ன? உறவினர்கள் வேண்டாம் என்றார்கள். நான் அண்ணனிடம் கல்யாணம் முடியட்டும் என்று சொன்னேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

“கல்யாணம் நின்னா வேற மாப்ள வருவான். அம்மா போன மாதிரி இவ போவக் கூடாது. என் கண்ணு முன்னால எடு.”

அவர் படுக்கையில் உட்கார்ந்தே என் மகள் கையை நீட்டினாள். அடுத்து நான். முடிவு வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். ஊருக்கே கொண்டுபோகச் சொல்லிக் கேட்டிருந்தார். தம் வீட்டில், அண்ணியின் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

மருத்துவமனைக்கு முறைவைத்து வந்து துணையிருந்த ஆலைத் தோழர்களுக்கும், பந்தல் போட்ட நாள் முதல் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். திருவள்ளூர்ச் சம்பந்தி வீட்டாரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். முடிவு வரட்டும், அதுவரை நாங்கள் வேறு இடம் பார்க்க மாட்டோம் என்றார்கள். அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

காரியத்தன்று பந்தி நடந்துகொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு மின்ரயிலில் வந்து, ஆட்டோ பிடித்து, டாக்டரம்மா எங்கள் வாசலில் இறங்கினார். அண்ணன் படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். பிறகு என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

“பொண்ணுக்கு இல்லம்மா. தடுப்பூசி போட்டுட்டா போதும். உங்களுக்கு இருக்கு. இன்னும் கல்லீரல் கெடல, விடாம வந்து பாத்துக்கணும், நான் பாக்கறேன். உங்க அம்மாவுக்கும் அவங்க அம்மாகிட்டருந்து வந்திருக்கலாம்.” என் தோளில் கை வைத்திருந்தார். பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “அங்க உக்காந்து சாப்பிடறவங்கள்ல உங்க அம்மா வழி சொந்தம் யார் யாருன்னு காட்டுறீங்களா?”