பின்காலும் ஒரு குழியும்

செருப்புக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது, கால்தான் நிற்கும். "வாங்க, போன தடவை எட்டாம் நம்பர்தானே?" என்பாள், ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். விடுமுறை நாட்களில் அதே கண்ணோடு சாஃப்ட்பால் மைதானத்தில் நடுவராக நிற்பாள். அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஓரிடத்தில் உட்கார்ந்தவளில்லை, சாப்பாடுகூட நின்றபடிதான். "உட்காரேன்டி, இங்க யாரும் பந்து வீசல" என்று கணவர் கத்தியும் பிரயோசனமில்லை.

அந்த ஆட்டத்தில் பந்து வீசுகிறவளின் காலுக்குச் சட்டம் கொஞ்சநஞ்சமல்ல. தரையில் பதித்த இரண்டடிப் பலகையை இரண்டு காலும் தொட்டபடி தொடங்க வேண்டும். முன்கால் அந்தப் பலகையின் அகலத்தைத் தாண்டாமல் நேரே போய் இறங்க வேண்டும். பின்கால் தரையை உரசிக்கொண்டே வர வேண்டும். இரண்டு காலும் ஒருசேர அந்தரத்துக்குப் போனால் வீச்சு செல்லாது, அடிக்கிறவளுக்கு ஒரு ‘பால்’, அதாவது ஒரு தப்பு வீச்சு, இனாமாகக் கணக்கில் ஏறும்; அப்படி நாலு சேர்ந்தால் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போய்விடலாம். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் சமாச்சாரம் என்பதால் மற்ற நடுவர்கள் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள். இவளா விடுவாள்?

அன்று இறுதி ஆட்டம். பெரிய அணிக்கு ஆள் எடுக்க மூன்று பேர் நோட்டும் கையுமாக வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது ஒருத்தியைத்தான். பதினேழு வயது, ஒல்லிக்குச்சி உடம்பு, ஆனால் பந்து கையை விட்டுப் போவதே தெரியாது. அன்றைக்கு நன்றாக வீசிவிட்டால் அவளுக்கு இடம் உறுதி.

ஐந்தாவது இன்னிங்ஸில் பூதக்கண்ணாடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் பின்கால் பாதி வழியில் தரையைத் தொடாமல் வந்தது. கையை நீட்டினாள். "செல்லாது!" அடுத்ததும் செல்லாது. அதற்கடுத்ததும். ஏற்கெனவே இருந்த ஒரு பாலோடு நாலு ஆகிவிட்டது; மூன்று தளத்திலும் ஆள் நின்ற நேரம், எல்லோரும் ஒரு தளம் முன்னால் நகர, எதிரணிக்கு ஓர் ஓட்டம் சும்மா கிடைத்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்தபடி தன் காலையே பார்த்தாள்.

இன்னும் இரண்டு பந்து போன பிறகுதான் இவளுக்கு உறைத்தது. நாலு இன்னிங்ஸ் ஒழுங்காக உரசிய கால் ஐந்தாவதில் மட்டும் ஏன் பறக்கும்? ஆட்டத்தை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று போய்ப் பார்த்தாள். பலகைக்கு முன்னால், இரண்டு அணியிலும் பந்து வீசியவர்கள் காலை இழுத்து இழுத்துக் கணுக்கால் ஆழத்துக்குக் குழி பறித்திருந்தார்கள். குழிக்கு மேலே வரும் கால், பழைய தரைமட்டத்தைத் தாண்டி எழும்பாதவரை குற்றமே இல்லை. புது நடுவர்களுக்கு அதை வகுப்பெடுத்துச் சொன்னவளே இவள்தான்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் செல்லாதுன்னு சொன்ன மூணுமே தப்பு" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

தலைமை நடுவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கப்புறம் பந்து போட்டாச்சேம்மா. இனிமே மாத்த முடியாது."

குழியில் மண் போட்டு மிதித்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அந்தப் பெண் பின்காலை மண்ணோடு அழுத்தி அழுத்தி இழுத்தாள். வேகமெல்லாம் எங்கே போயிற்றோ, ஆளாளுக்கு விளாசினார்கள். ஆறாவது இன்னிங்ஸில் மூன்று பேரும் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள்.

ஆட்டத்தில் தோற்றதும் அந்தப் பெண்ணே தேடி வந்தாள். "அக்கா, கடைசில கால் சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சும்மா. மொதல்ல இருந்தே..."

"அப்ப இனிமே இப்படியே போடறேங்க்கா."

"ஐயோ, வேணாம்மா! பழைய மாதிரியே போடு. தப்பு என்னோடது, உன் கால்ல ஒண்ணுமே இல்ல."

பெரியவர்கள் சொல்வதற்கு ஆட்டுவது போலத் தலையை ஆட்டினாள் அந்தப் பெண். ஒரு வார்த்தைகூட அவள் நம்பவில்லை.